புதிய நீர்த்தோட்டமும் பசளையின் அளவும்

கண்ணாடித் தொட்டியொன்றில் மணலைப் பரப்பி, நீர்ச்செடிகளை நட்டு, அவற்றினிடையே சிறு மீன்களை உலவவிட்டுக் கண்டு மகிழும் வழக்கம் இலங்கையின் வீடுகள் பலவற்றிற் பரவியுள்ளது. தொடங்கும்போது இருக்கும் மகிழ்ச்சி எல்லார்க்கும் நிலைப்பதில்லை. இரண்டாம் வாரத்தில் செடியின் இலைகள் கூழாய்க் கரைகின்றன. மூன்றாம் வாரத்திற் கண்ணாடியெங்கும் பாசி படர்கின்றது. மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளந்து நிற்கின்றன. செடிக்குப் பசியென்றெண்ணிய வீட்டுக்காரர் கடையிற் பசளைப் போத்தலொன்றை வாங்கிவந்து ஊற்றுகின்றார். அடுத்த வாரம் பாசி இருமடங்காகின்றது. மீன்களுட் சில மடிகின்றன. தொட்டி வெறுமையாகிக் கொல்லைப்புறத்தைச் சேர்கின்றது.

அவ்வாறாயின், நீர்ச்செடிக்குப் பசளை வேண்டாவா? வேண்டும். நிலத்துப் பயிர்க்கு வேண்டிய உணவுச் சத்துக்கள் அனைத்தும் நீர்ச்செடிக்கும் வேண்டியனவே. எச்சத்து, எப்பொழுது, எவ்வளவு என்பனவே வினாக்கள். ஊற்றப்படும் நீரில் ஏற்கெனவே என்ன உண்டு, நடப்பட்ட செடி எந்நிலையில் உள்ளது என்னும் இரண்டையும் அறிந்தவர்க்கே அவற்றின் விடை புலப்படும்.

மீனும் செடியும் ஒன்றையொன்று தாங்கி வாழலாம் என்பதனை ஆய்ந்து காட்டியவர்களுள் முதன்மையானவர் இலண்டனைச் சேர்ந்த இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்டன். 1849ஆம் ஆண்டில் அவர் பன்னிரண்டு கலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரமொன்றில் இரண்டு பொன்மீன்களையும் வலிசுனேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். முதலில் எல்லாம் செம்மையாயிருந்தது. பின்னர்ச் செடியின் பழுத்த இலைகள் அழுகி, நீரைக் கலக்கி, கண்ணாடியிலும் வழுக்கற்படலம் படர்ந்தது. அழுகலைத் தின்னும் நத்தைகளை அவர் இட்ட பின்னரே நீர் தெளிந்தது. இவ்வாய்வை 1850இல் இலண்டன் இரசாயனக் கழகத்தின் முன் அவர் வைத்தார். வாழ்வன இரண்டும் சமநிலையில் நிற்கவேண்டுமாயின், இறந்தவற்றை அகற்றும் மூன்றாவதொன்றும் வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை.

அந்த மூன்றாவது கடமையின் பெரும்பகுதியைச் செய்வன கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள். மீனின் கழிவும், தின்னாது எஞ்சிய இரையும், அழுகும் இலையும் அமோனியாவாக மாறுகின்றன. ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக்கும். அடுத்தவை நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். மண்ணில் நிகழும் இம்மாற்றத்துக்குரிய பற்றீரியாக்களை உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890 அளவிற் பிரித்தெடுத்துக் காட்டினார். அமோனியாவும் நைத்திரைற்றும் மீனுக்கு நஞ்சு. நைத்திரேற்றின் தீங்கு அவற்றினும் மிகக் குறைவு; செடிக்கோ அது உணவு. புதிய தொட்டியில் இப்பற்றீரியாக்கள் போதிய அளவிற் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அக்காலத்தில் இடப்படும் மீன், சுத்திகரிப்பவர் இல்லாத ஊரிற் குடியேறியவரின் நிலையை அடைகின்றது.

அமோனியாவின் கொடுமை நீரின் அமிலகாரத் தன்மையைப் பொறுத்தது. அத்தன்மையை அளப்பது பீ.எச். என்னும் பெறுமானம். அது 7 ஆயின் நீர் நடுநிலையுடையது, 7இற் குறைந்தால் அமிலம், கூடினாற் காரம். பீ.எச். 7இல், நமது நாட்டு வெப்பநிலையில், நீரிலுள்ள அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவானதே நச்சுவடிவில் நிற்கும். எஞ்சியது பெரிதும் தீங்கற்ற அமோனிய அயனாகும். பீ.எச். 8 ஆனால் நச்சுப்பங்கு நூற்றுக்கு ஐந்தாறாக உயரும். ஆகவே ஒரே அளவு அமோனியா ஒரு வீட்டுத் தொட்டியில் மீனைத் தளரச்செய்து, மற்றொரு வீட்டுத் தொட்டியில் அதனைக் கொன்றுவிடக்கூடும்.

இனிச் செடியின் நிலையைக் காண்போம். உலகெங்கும் நீர்த்தோட்டக்காரர் விரும்பி வளர்க்கும் கிரிப்டோகொரைன் என்னும் செடியினத்தின் பல வகைகளுக்கு இலங்கையே தாயகம். சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடிகள் ஈரவலயத்துக் காட்டோடைகளின் நிழலில் வளர்வன. அவற்றுள் ஒன்றான தோயிற்சியை, பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்சு என்பவரின் பெயரைத் தாங்குகின்றது. தொட்டிகளில் மிகுதியாகக் காணப்படும் வென்றியை என்னும் வகைக்கு ஒல்லாந்து அறிஞர் தே விற் 1958இற் பெயரிட்டார். இவற்றுட் சில இன்று காட்டில் அருகிவருகின்றன. பண்ணையில் வளர்ந்த செடிகளை வாங்குதலே முறை. ஓடையிற் பிடுங்குதல் தகாது.

இச்செடிகளுக்கு ஓரியல்பு உண்டு. இடமும் நீரும் ஒளியும் மாறினால், சில நாட்களுள் அவற்றின் இலைகள் கண்ணாடிபோலாகிக் கரைந்துவிடும். பண்ணைகளிற் பெரும்பாலான நீர்ச்செடிகள் ஈரக்காற்றில், நீருக்கு மேலேயே வளர்க்கப்படுகின்றன. காற்றில் வாழத் தோன்றிய இலை நீரினுள் நீடித்து வாழாது. செடி பழைய இலையைக் கைவிட்டு, நீருக்கேற்ற புதிய இலையை வேரிலிருந்து தோற்றுவிக்கின்றது. இதற்குச் சில வாரங்கள் செல்லும். இது இடப்பெயர்ச்சியின் விளைவேயன்றிப் பசியன்று. இந்நிலையில் ஊற்றப்படும் பசளையை உண்ண இலையில்லை, பாசியே உண்ணும். இலை கரைந்த செடியைப் பிடுங்கியெறிதலும் தவறு. அழுகிய இலைகளைக் கத்தரித்து அகற்றி, வேரைத் தொடாது விட்டுவிட்டால் ஒரு திங்களில் அது மீண்டும் தளிர்க்கும்.

அடுத்து அறியவேண்டியது நீர். கொழும்பின் குழாய்நீரிற் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து வருவது, மென்னீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீரோ சுண்ணாம்புக் கற்படையினூடே ஊறி வருவது; கல்சியம் மிகுந்த வன்னீர். நீரின் வன்மையைச் செருமன் பாகையில் அளப்பது மீன்வளர்ப்போர் வழக்கம். ஒரு பாகையென்பது லீற்றருக்கு 17.8 மில்லிகிராம் கல்சியங் காபனேற்றுக்குச் சமமாகும். நீர்ச்செடிகள் பலவற்றுக்கு நான்கு முதல் பன்னிரண்டு பாகை வரை உகந்தது.

வன்னீர் கிடைத்தவர் மனந்தளர வேண்டுவதில்லை. இலங்கையிற் பிறந்த பெக்கெற்றியை என்னும் கிரிப்டோகொரைன், அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்துச் சான் மார்க்கோசு ஆற்றிற் புகுந்து, அங்குள்ள செடிகளை நெருக்குமளவுக்குப் பெருகிவிட்டது. அவ்வாறு சுண்ணாம்புப் பாறையின் ஊற்றுக்களாற் பிறப்பது. அதன் நீர் வன்னீரே. தொட்டிச் செடியை ஆற்றில் வீசலாகாது என்பதற்கும் இது நல்லதோர் எச்சரிக்கை. வன்மையைக் குறைக்க விரும்புவோர்க்கு மழைநீர் எளிய வழி. இருபது பாகை வன்மையுள்ள கிணற்றுநீர் ஒரு வாளிக்கு மழைநீர் ஒரு வாளி கலந்தால் ஏறக்குறையப் பத்துப் பாகையாகும். கூரை கழுவப்பட்டபின் வரும் மழைநீரையே சேமித்தல் வேண்டும். தொட்டியில் அழகுக்காக வைக்கும் கல்லிலும் கவனம் வேண்டும். கல்லின்மீது வினாகிரி சில துளி விட்டால் நுரைக்குமாயின் அது சுண்ணாம்புக்கல். நீரின் வன்மையை நாளுக்கு நாள் உயர்த்தும். முருகைக்கல்லும் சிப்பியும் அத்தகையனவே. குழாய்நீரைப் பயன்படுத்துவோர் அதிலுள்ள குளோரீனை நீக்கும் மருந்தை அளவாக இட்ட பின்னரே தொட்டியில் ஊற்றுதல் வேண்டும்.

செடியின் உலர்நிறையில் ஐந்தில் இரண்டு பங்களவு காபன். அதனை நிலத்துச் செடி காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்து பெறுகின்றது. நீரினுள் வாயுக்கள் காற்றிற் பரவுவதிலும் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். காற்றோடு சமநிலையிலுள்ள நீரில் லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான காபனீரொட்சைட்டே உண்டு. இதனாலேயே சிலர் உருளையிலிருந்து அவ்வாயுவைத் தொட்டிக்குள் செலுத்துகின்றனர். அதன் அளவை அறிய எளிய கணக்கொன்று உள்ளது. நீரின் காபனேற்று வன்மையை மூன்றாற் பெருக்கினால், பீ.எச். 7இல் லீற்றரொன்றிலுள்ள காபனீரொட்சைட்டு மில்லிகிராமிற் கிடைக்கும். காபனேற்று வன்மை நான்கு பாகையாயின் விடை 12. அதே நீரில் பீ.எச். 6.6 ஆகத் தாழ்ந்தால் அளவு 30 ஆகும். 8 ஆக உயர்ந்தால் ஒன்றேகாலுக்குக் குறையும். வேறு அமிலங்கள் நீரிற் கலந்திருந்தால் இக்கணக்குப் பிழைக்கும். முப்பது மில்லிகிராமைப் பொதுவான மேலெல்லையாகக் கொள்வர். அதற்கப்பால் மீன் மூச்சுத் திணறும். விளக்கணைந்தபின் செடி இவ்வாயுவை உட்கொள்ளாதாகையால், இரவில் வாயுக்குழாயை மூடுதல் வேண்டும்.

வாயுவைச் செலுத்தாதவர் ஒளியைக் குறைத்தல் வேண்டும். ஒளியே செடியை உழைக்கத் தூண்டுவது. உழைப்பு மிகுந்தால் உணவும் மிகவேண்டும். மிகுந்த ஒளியும் குறைந்த காபனும் கொண்ட தொட்டியிற் செடி வாட, பாசி வெற்றி காணும்.

இனிப் பசளைக்கு வருவோம். செருமன் அறிஞர் லீபிக் 1840 அளவிற் பரப்பிய விதியொன்று வேளாண்மை கற்றவர் அனைவரும் அறிந்தது. பயிரின் வளர்ச்சியை நிருணயிப்பது, தேவையோடு ஒப்பிடும்போது மிகக் குறைவாயுள்ள சத்தே என்பது அவ்விதி. பீப்பாவின் பலகைகளுள் ஒன்று குட்டையாயிருந்தால், மற்றைய பலகைகள் எவ்வளவு உயர்ந்தவையாயினும் நீர் குட்டைப் பலகையின் மட்டத்துக்குமேல் நில்லாது. இரும்பு குறைந்த செடிக்கு நைத்திரேற்றை இருமடங்கு கொடுத்தாலும் அது வளராது. கொடுத்தது நீரிலேயே தேங்கும்.

குறைந்தது எது என்பதை இலைகளே காட்டும். நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகியவை செடியினுள் இடம்பெயரக் கூடியவை. அவை குறைந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு ஊட்டும். ஆகவே குறையும் முதிர்ந்த இலையிலேயே முதலில் தோன்றும். அடியிலை மஞ்சளானால் நைதரசனையும், அடியிலையில் ஊசித்துளைகள் தோன்றினாற் பொற்றாசியத்தையும் ஐயுறலாம். இரும்பும் கல்சியமும் இடம்பெயராதவை. குருத்திலை வெளிறி நரம்புமட்டும் பச்சையாயிருந்தால் இரும்பு குறைவு. குருத்திலை சுருண்டு கோணினாற் கல்சியம் குறைவு. புகையிலையும் மிளகாயும் பயிரிட்ட தோட்டக்காரர்க்கு இப்பாடம் புதியதன்று.

ஒரு தொட்டியைக் கொண்டு அளவைக் கணிப்போம். 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் 35 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட தொட்டி 63 லீற்றர் கொள்ளும். மணலும் கல்லும் கொள்ளும் இடத்தையும் மேலே விடும் வெளியையும் கழித்தால் உண்மையான நீர் 50 லீற்றரளவே. கணக்கை இந்த ஐம்பதுக்கே செய்தல் வேண்டும். வெடியுப்பெனப்படும் பொற்றாசியம் நைத்திரேற்றில் நூற்றுக்கு 61 பங்கு நைத்திரேற்று. அதில் அரைக் கிராமை 50 லீற்றரில் இட்டால் லீற்றருக்கு 6 மில்லிகிராம் நைத்திரேற்றும் ஏறத்தாழ 4 மில்லிகிராம் பொற்றாசியமும் சேரும். அரைக் கிராமை நிறுத்தல் கடினமாகையால், 20 கிராமைக் கரைத்து 200 மில்லிலீற்றர்க் கரைசலாக்கி வைத்துக்கொண்டால் 5 மில்லிலீற்றரில் அவ்வளவு அடங்கும். பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்று 2 கிராமை அவ்வாறே 200 மில்லிலீற்றர்க் கரைசலாக்கினால், 5 மில்லிலீற்றர் லீற்றருக்கு 0.7 மில்லிகிராம் பொசுபேற்றைத் தரும். செழித்த தொட்டியில் நைத்திரேற்று 10 முதல் 20 மில்லிகிராமும், பொசுபேற்று ஒரு மில்லிகிராமளவும் நிற்பது நன்று.

இரும்பும் நுண்சத்துக்களும் வேறு போத்தலில் இருத்தல் வேண்டும். வேறு நாளில் இடப்படுதல் வேண்டும். பொசுபேற்றோடு கலந்தால் இரும்பு வீழ்படிவாகி வீணாகும். கார நீரிலும் அது நெடுநேரம் கரைந்து நில்லாது. ஆதலால் இரும்பைக் கொடுக்கிணைப்புச் சேர்வையாக விற்கின்றனர். அச்சேர்வைகளுள் ஈ.டி.ரீ.ஏ. என்பது மென்னீருக்கே ஏற்றது, வன்னீருக்கு டீ.ரீ.பீ.ஏ. என்பதே கூடிய பயன்தரும்.

வயலுக்கு வாங்கிய யூரியாவிற் சிறிது தொட்டிக்கும் போதாதா என்று கேட்போர் உளர். ஒரு கிராம் யூரியா 50 லீற்றர் நீரில் முற்றாகச் சிதைந்தால் லீற்றருக்கு 11 மில்லிகிராம் அமோனியா தோன்றும். கார நீரில் அது மீன்களின் மரணவோலையாகும். அமோனியம் சல்பேற்றும் தொட்டிக்கு ஆகாது.

மிகையாகச் சேருமோ என்னும் அச்சத்தை நீக்குவது வாரந்தோறும் நீர் மாற்றுதல். வாரத்தில் இருமுறை, ஒவ்வொரு முறையும் 6 மில்லிகிராம் நைத்திரேற்று இட்டால் வாரத்துக்கு 12. செடி ஒன்றையும் உண்ணாதிருப்பினும், வாரக்கடைசியில் அரைப்பங்கு நீரை மாற்றி வந்தால், தேக்கம் அதன் இருமடங்கான 24ஐ ஒருபோதும் தாண்டாது. ஒவ்வொரு மாற்றத்திலும் சேர்ந்ததிற் பாதி வெளியேறுவதே காரணம். சோதனைக் கருவிகள் இல்லாதவர்க்கும் இக்கணக்குக் காவலாய் நிற்கும். ஊற்றும் நீரில் நைத்திரேற்று இல்லாதவிடத்தே இக்கணக்குப் பொருந்தும்.

புதிய தொட்டியின் முதல் ஆறு வாரங்களுக்குரிய ஒழுங்கைச் சுருக்கிக் கூறலாம். முதல் இரு வாரங்களில் விளக்கு நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் மட்டும் எரியட்டும். வாரம் இருமுறை அரைப்பங்கு நீரை மாற்றுக. சத்தூட்டிய மண்ணை அடியில் இட்டவர் இக்காலத்தில் நைதரசப் பசளை எதனையும் இடவேண்டா. அம்மண்ணே அமோனியாவை வெளிவிடும். வெறும் மணலிட்டவர் கூறிய அளவிற் காற்பங்கு இடலாம். கண்ணாடியில் மண்ணிறப் படலம் தோன்றினால் அஞ்சற்க. அது இருவணுப் பாசி, துடைத்தாற் போகும், காலத்தில் தானே மறையும். மூன்றாம் நான்காம் வாரங்களிற் புதிய இலைகள் தோன்றியபின் அரைப்பங்கு அளவைத் தொடங்குக. அமோனியாவும் நைத்திரைற்றும் சோதனையிற் பூச்சியமாகக் காணப்பட்ட பின்னரே, சில மீன்களை முதலில் இடுக. ஆறாம் வாரத்திற் செடி செழித்தெழுந்தால் விளக்கை எட்டு மணித்தியாலமாக்கி, முழு அளவைக் கொடுக்கலாம். ஒரே நாளில் இரண்டை மாற்றலாகாது. ஒன்றை மாற்றி, இரு வாரம் பார்த்து, பின்னரே அடுத்ததை மாற்றுக.

யாழ்ப்பாணத்து நேயர்கள் மற்றுமொன்றைக் கருதவேண்டும். தோட்டப் பகுதிக் கிணறுகள் சிலவற்றில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையையும் நைத்திரேற்று கடந்துள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பயிர் உண்ணாத பசளை மழையோடும் இறைப்போடும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே நிலத்தடி நீரைச் சேர்ந்ததே இதற்குப் பெருங்காரணம். அவ்வெல்லை கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்காதிருக்கும்பொருட்டு வகுக்கப்பட்டது. அத்தகைய கிணற்றுநீரை ஊற்றும் தொட்டிக்கு நைத்திரேற்றுப் பசளை ஒரு துளியும் வேண்டா. பொசுபேற்றும் இரும்பும் பொற்றாசியமுமே குறைவாயிருக்கக்கூடும். பொற்றாசியத்தையும் அங்கே சல்பேற்றாகவே கொடுத்தல் வேண்டும். தொட்டிக்காகச் சில துளி சோதனைமருந்து வாங்கும் வீட்டார், அதே மருந்தாற் கிணற்று நீரையும் ஒருமுறை பார்த்தல் நன்று. அளவு மிகுதியாகத் தோன்றினால், குழந்தையுள்ள வீட்டார் அந்நீரை உரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பி உறுதிசெய்துகொள்ளட்டும். கொதிக்கவைத்தலால் நைத்திரேற்று நீங்காது.

தொட்டியிலிருந்து வாரந்தோறும் அகற்றும் நீரையும் வீணாக்க வேண்டுவதில்லை. மீனின் கழிவும் எஞ்சிய பசளையும் அதிற் கரைந்துள்ளன. அதனை வாழையின் அடியிலோ கறிவேப்பிலையின் பாத்தியிலோ ஊற்றலாம்; அவ்வளவுக்கு அந்தப் பாத்திக்கு இடும் பசளையைக் குறைத்துக்கொள்ளலாம்.